நாகலூருக்கு ஏறிய கடல்பாசி

காலை 6.40. சேலத்தில் ஏற்காடு பஸ் கிளம்பியது. கடலே இல்லாத மலைக்குக் கடல் கண்காட்சி பார்க்கப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. கண்காட்சி என்றாலே ரிப்பன், பொன்னாடை, ஆறிப்போன வடை என்று சலித்தவன் நான். ஆனாலும் ஏப்ரல் வெயிலுக்குப் பயந்து ஏறிவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் செல்வராணி. பாம்பன் பக்கத்துக் கடற்கரைக்காரர். கடலில் கயிறு கட்டிப் பாசி வளர்க்கும் பன்னிரண்டு பெண்களில் ஒருவர். பாசியைக் காயவைத்து வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவது இதுவரை அவர்கள் வழக்கம். இப்போது முதல் தடவையாகத் தாங்களே சாறு பிழிந்து, பயிருக்குத் தெளிக்கும் மருந்தாக நாற்பது கேன் இந்தக் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தார்கள். விற்காவிட்டால் மறுபடியும் அதே வியாபாரிதான்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "சூறக்காத்துல படகுல போயிருக்கேன் சார். இந்தக் கெறக்கம் வந்ததில்ல" என்றார்.

9.15. ஏற்காட்டில் பஸ் மாறி நாகலூர். டீ பன்னிரண்டு ரூபாய். காப்பி விளையும் ஊரில் டீயைக் குடித்தது என் தப்பு. சமுதாயக் கூடத்துக்குள் நுழைந்ததும் என் சலிப்பு போன இடம் தெரியவில்லை. கிழிந்த மீன்வலைகளைத் தோட்ட வேலியாக மாற்றி வைத்திருந்தார்கள். வாழவந்தியிலிருந்து வந்த இருவர் வலையின் இரு முனையையும் பிடித்து இழுத்து, காட்டெருமைக்குத் தாங்குமா என்று பார்த்தார்கள். கரடியூர்க்காரர் ஒருவர், "எருமையக் கூட்டியாந்து கேளுங்க" என்றார். கூடமே சிரித்தது.

11 மணிக்குச் செல்வராணி பேசினார். ஐந்து லிட்டர் கேன் அறுநூறு ரூபாய். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது மில்லி கலந்து இலையில் தெளிக்க வேண்டும். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பெயர் சடையன், உள்ளூர்க் காப்பி விவசாயி.

"ஏனுங்க அம்மிணி, கடப்பாசின்னு போன மாசம் ஒருத்தன் நாலு மூட்டை வித்துட்டுப் போனானுங்க. சாணி எரு மாதிரிதான்னான். வேருல கொட்டுனனுங்க. பதினஞ்சு செடி கருகிப்போச்சு. நொம்ப நல்ல மருந்துங்க!"

முன்வரிசையில் பணத்தை எடுத்த கைகள் பைக்குள் போயின. செல்வராணியின் முகம் சுண்டிவிட்டது. "தோட்டத்தக் காட்டுங்கண்ணே" என்றார்.

ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம். ஏழெட்டுப் பேர் கூடவே வந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அடியில் காப்பிச் செடிகள் இலை ஓரம் தீய்ந்து நின்றன. செல்வராணி குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்புண்ணே. காஞ்ச பாசிய நல்ல தண்ணியில அலசணும். இவன் அலசல."

அத்தோடு முடிந்திருக்கலாம். பழி மூட்டை விற்றவன் மேல் போயிருக்கும், கேன்களும் விற்றிருக்கும். ஆனால் நிமிர்ந்தவர் ஒரு மிளகுக் கொடியைப் பார்த்து நின்றுவிட்டார். கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு நீலக் கயிற்றுத் துண்டு. மூட்டைக்குள் கிடந்ததை வீணாக்காமல் கட்டினேன் என்றார் சடையன். கயிற்றில் பாசியைக் கோக்கும் சிறு சுருக்குகள் அப்படியே இருந்தன.

செல்வராணி அதைத் தடவிப் பார்த்தார். "நான் இடது கைக்காரி. எங்க கூட்டத்துல இப்படி மாத்தி முடிச்சுப் போடுறது நான் ஒருத்திதான். இது எங்க பாசிண்ணே. கம்பெனிக்குப் போகுதுன்னுதான் வித்தோம். எங்க போகுதுன்னு ஒருநாளும் கேக்கல."

அங்கே அவர் முடிச்சை அடையாளம் சொல்ல யாராலும் முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நிச்சயம் மூடிக்கொண்டிருப்பேன்.

சடையன் கருகிய இலை ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு, "இதுக்கு என்ன பண்றதுங்க?" என்றார்.

"எருவ வழிச்சு எடுத்துட்டு, ஊத்துத் தண்ணிய நெறைய ஊத்தி உப்பக் கரைச்சு விடுங்க. பொழைக்கிறது பொழைக்கும். எல்லாம் பொழைக்கும்னு சொல்ல மாட்டேன்."

பிற்பகல் 2.30. சடையன் மறுபடி கூடத்தில் எழுந்தார். "அந்தப் பாசி இவுங்களுதுதானுங்க. அவுங்களே ஒத்துக்கிட்டாங்க. எனக்கு ஒரு கேன் குடுங்க. ஒரே வரிசைக்கு அடிச்சுப் பாக்கறனுங்க." அவருடையதையும் சேர்த்துப் பத்தொன்பது கேன்கள் போயின. இருபத்தொன்று மிஞ்சின. சிலர் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு நடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மாலை 5.10. இறங்கும் பஸ்ஸில் மீண்டும் செல்வராணி பக்கத்தில். வீட்டுக்கு நான் அரைக் கிலோ காப்பித்தூள் வாங்கியிருந்தேன். அவர் மடியிலும் முடிந்த பிளாஸ்டிக் பை ஒன்று இருந்தது.

"என்ன, மிளகுதானா?"

"மண்ணு சார். அந்தண்ணன் தோட்டத்து மண்ணு. எங்க பன்னெண்டு பேரும் நாக்குல வச்சுப் பாக்கணும்."

முதல் வளைவு வந்தது. இந்தத் தடவை அவர் கம்பியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டார்.