நாப்பதைத் தாண்டாத நம்ம பத்மினி

நம்ம பழைய பத்மினி காரு ஒரு மாசமா நாப்பதுக்கு மேல போக மாட்டேன்னு அடம் புடிக்குது. எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரிக்காரன்லாம் ஹாரன் அடிச்சுத் திட்டிகினே தாண்டிப் போறான்.

பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டர் கழுவியாச்சு. இன்னிக்கு திருவொத்தியூர்ல மெக்கானிக் தாஸ்கிட்ட வுட்டேன். இஞ்சினை இறக்கணும்னு சொல்லிடுவானோன்னு எனக்கு பயம். கூட வந்த என் பொண்டாட்டி, "வித்துடலாங்க"ன்னு ரெடியா நிக்கிறா.

தாஸ் பானெட்டைத் தொறந்துட்டு, "ஆக்சிலரேட்டரை ஃபுல்லா மிதி மாமு"ன்னான்.

"மிதிச்சுகினுதான் கீறேன்."

"இங்க பாதிதான் தொறக்குது." கார்புரேட்டர் லீவரைக் கையாலயே இழுத்தான். இஞ்சின் கத்துன கத்துல தெருவே திரும்பிப் பாத்துச்சு.

அப்பால வந்து என் கால்கிட்ட குனிஞ்சான். ஆக்சிலரேட்டருக்கு அடியில, போன மாசம் என் மச்சான் ஆசையா வெட்டிப் போட்ட கால் மேட்டு. நிலக்கரி ஏத்துற கன்வேயர் பெல்ட்டோட பழைய துண்டு. எங்க பக்கம் பாதி வூட்டு வாசல்ல அதான் மிதியடி. பலகை கணக்கா தடிமன். பெடல் பாதி வழியிலயே அதுமேல உக்காந்துக்குது.

"இஞ்சின் சோக்காத்தான் கீது. இத்தத் தூக்கிக் கடாசு மாமு."

பொண்டாட்டி குறுக்க வந்தா. "வண்டிய வேணா வித்துடுங்க. மேட்டு என் தம்பி குடுத்தது."

தாஸ் அவளைப் பாத்தான், என்னைப் பாத்தான். மேட்டை ஒழுங்கா விரிச்சு வுட்டுட்டு பானெட்டை மூடுனான். "நாப்பதே போதும் மாமு. நானும் கல்யாணம் ஆனவன்தான்."

உங்க வண்டியில யாரு குடுத்த மேட்டு கீது?