எட்டு எண்ணிக்கை மௌனம்

இசையமைப்பாளர் பென்சிலில் கிறுக்கித் தருவதைக் கணினியில் ஏற்றி, பாடகர் குழுவுக்குத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுப்பது இவள் வேலை. பத்தொன்பது வருடம். அந்தக் கையெழுத்தைக் கடவுளும் இவளும்தான் படிக்க முடியும் என்று குழுவில் கேலி செய்வார்கள். அவருடைய பிரார்த்தனைப் பாடல்களில் சுரங்கள் கொஞ்சம்தான். நாலைந்தை வைத்துக்கொண்டே அரை மணி நேரம் உருகவைத்துவிடுவார்.

ஒருமுறை காய்ச்சலோடு உட்கார்ந்து ஏற்றியதில் ஒரு வரியை விட்டுவிட்டாள். விட்ட இடத்தில் கணினி தானாகவே ஓய்வுக் குறிகளைப் போட்டு நிரப்பியிருந்தது. ஒத்திகையில் நாற்பது பேரும் சட்டென்று நின்று, தாளில் இருந்தபடி எட்டு எண்ணிவிட்டுத் தொடர்ந்தார்கள். இவள் எழுந்து அவரிடம் ஓடினாள்.

"சார், தப்பு என்னோடது. ஒரு வரி விட்டுப்போச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே இருக்கட்டும்மா. இது நீங்க குடுத்தது. ஒரு நாள் மேடையில எல்லார் முன்னாடியும் சொல்றேன், பாருங்க."

அந்தப் பாட்டுதான் அவரை ஊர் உலகத்துக்குக் காட்டியது. இப்போது அவருடைய அறுபதாவது வயதுக்குப் பெரிய விழா. இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று இவளுக்கு நிச்சயம். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சு. 'காப்பியடிக்கிற உத்தியோகம்' என்று வாய்க்கு வாய் குத்தும் நாத்தனாரையே வலியக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்திருந்தாள்.

அந்த எட்டு எண்ணிக்கைக்கு நடனக்காரர்கள் சிலையாக நின்றார்கள். ஓவியர் ஒருவர் இரண்டு ஆள் உயரத் துணியை வெறும் வெள்ளையாக விட்டு, அதற்கும் கைதட்டு வாங்கினார். கவிஞர் எட்டு வரிகளை வாசிக்காமலே வாசித்தார். கடைசியில் இசையமைப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"அந்த மௌனத்தை நான் எழுதலை," என்றார்.

இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மூணு நாள் பட்டினி கெடந்து பிரார்த்தனை பண்ணினேன். நாலாம் நாள் விடியக்காலைல அதுவா எறங்கி வந்தது."

அரங்கமே எழுந்து நின்றது. அவர் பார்வை இவள்மேல் பட்டு, ஒரு புன்னகையோடு கடந்துபோனது. அதுதான் பொறுக்கவில்லை. மறந்துபோயிருந்தால்கூட மன்னித்திருப்பாள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார், மரியாதையாகச் சொல்வதென்றால்.

நாத்தனார் காதருகே குனிந்தாள். "அண்ணி, நீங்க சொன்ன இடம் இதுதானே?"

கைதட்டல் ஓயவில்லை. இவளும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"இல்ல," என்றாள். "அது வேற பாட்டு."