வெட்ட இடமில்லாத விலை

வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம் கிளறன்ஸ் ஒரு தவறு செய்தார். மதகு ஒன்றுக்கு ஒப்பந்தக்காரர் கொடுத்த விலையைச் சரிபார்த்தார், சரியாக இருந்தது, சரி என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார். மேலதிகாரியான பிரதம லிகிதர் கூப்பிட்டு, ஒன்றையும் குறைக்காமல் அனுப்புவதற்கு அரசாங்கம் எதற்கு உனக்குச் சம்பளம் தரவேண்டும் என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து ஓய்வுபெறும்வரை, கண்டியில் ஒரு திணைக்களத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து, மேசைக்கு வந்த ஒவ்வொரு விலையிலும் கால்வாசியைச் சிவப்புப் பேனாவால் வெட்டினார். ஒப்பந்தக்காரர்கள் கொஞ்ச நாளில் ஆளைப் புரிந்துகொண்டு, வெட்டுப்படுவதற்கென்றே ஒரு தொகையைச் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். அவர் அதை வெட்டினார். அவர்களுக்குக் கிடைக்கவேண்டிய பணம் கிடைத்தது. அரசாங்கத்துக்கு மிச்சம் பிடித்த திருப்தி கிடைத்தது. கிளறன்ஸுக்குக் கறாரான மனிதர் என்ற பெயர் கிடைத்தது. இப்படி முப்பத்து நான்கு வருடம் யாரும் நட்டப்படவில்லை.

இந்தப் பெயரை அவர் பென்சனோடு வீட்டுக்கும் கொண்டுவந்தார். அயலவர்கள் கூரைத் தகட்டுக்கும் கிணற்றுக்கும் கேட்ட விலைகளை அவரிடம் எடுத்துவந்து காட்டினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, “இவன் உங்கள விழுங்கப் பாக்குறான்” என்று சொல்லிக் கால்வாசியை வெட்டிக் கொடுத்தார். அவருடைய மனைவி மரியகொறற்றிக்கு இதில் பெரிய ஆட்சேபம் எதுவும் இருந்ததில்லை, தன் அம்மாவின் சவப்பெட்டியை வாங்கப் போன அந்த ஒருநாளைத் தவிர. அழுவதா, புருஷனை வெளியே இழுத்துக்கொண்டு போவதா என்று தெரியாமல் அவள் கடைக்குள் நின்றாள். அன்றும் கால்வாசிதான்.

தெல்தெனிய வீதியில் பத்து பேர்ச் காணி வாங்கி அவர்கள் கட்டிய வீடு டிசம்பர் நடுப்பகுதியில் பூச்சு வேலையோடு நின்றது. கூரை போட்டாயிற்று, கதவு ஜன்னல் பொருத்தியாயிற்று, பெயின்ட் வாளிகளும் வாங்கி அடுக்கியாயிற்று. கூலிக்கு மூன்று லட்சம் மிச்சம் இருந்தது. மிச்சம் இல்லாதது நாள். கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் இருபது வருடமாக வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரின் மகன் கட்டாரிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறான். ஜனவரி முப்பத்தொன்றாம் திகதி சாவியைக் கொடுத்துவிட வேண்டும். பெயின்ட் அடித்து முடியாவிட்டால் அலுமாரிகளையும் கதிரைகளையும் சுவரோடு ஒட்டி வைக்கக்கூட முடியாது.

கிளறன்ஸ் திணைக்கள முறைப்படி மூன்று பேரிடம் விலை கேட்டார். முதலாமவரும் இரண்டாமவரும் வட்ஸ்அப்பில் வீட்டின் படங்களை அனுப்பச் சொன்னார்கள். படம் போய் அரைமணித்தியாலத்தில் விலை வந்தது. ஒருவர் மூன்று லட்சத்துப் பத்தாயிரம், மற்றவர் இரண்டு லட்சத்து எழுபத்தெட்டாயிரம். மூன்றாவது ஆள் புசல்லாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி நேரிலேயே வந்தார். பெயர் பழனியாண்டி. ஐம்பது வயதிருக்கும். நகங்களில் பல வீடுகளின் நிறம் இருந்தது.

வந்தவர் வாயைத் திறக்காமல் முதலில் ஒவ்வொரு அறையாகப் போனார். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, கன்னத்தையும் சுவரில் வைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

“மேசன் பாஸ் யாருங்க சார்? நல்ல கை. மேடு பள்ளமே இல்ல. உள்ளுக்கு பெயின்டுக்கு முன்ன பில்லர் பூச்சு ஒருவாட்டி இழுத்தா போதும். ரெண்டுவாட்டி தேவையில்ல.”

“மத்தவங்க எல்லாம் ரெண்டு தடவைன்னு போட்டிருக்காங்களே?”

“படத்துல பாத்தா எல்லாச் செவுருக்கும் ரெண்டுவாட்டி தான் சார். தொட்டுப் பாத்தா தான் தெரியும். குசினியிலயும் பாத்ரூம்லயும் பாதிக்கு டைல் இருக்கு, அத நான் அளக்கல. ஜன்னலையும் கழிச்சிட்டேன். செவுரு இன்னும் ஈரம். இருபத்தஞ்சாந் திகதி நத்தார் முடிஞ்சு தான் கைய வைப்பேன். இருபது நாள்ல முடியும்.”

பீடிக் கட்டுக்குள்ளிருந்து எடுத்த ஒரு கடதாசியில் கூட்டிப்பார்த்து எழுதிக் கொடுத்தார். ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும் என்றார். கம்பளையில் ஒரு மேல்மாடி வீட்டுக்காரர் அவருக்காகக் காத்திருந்தார்.

பழனியாண்டி பஸ் ஏறிய பிறகு கிளறன்ஸ் அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியகொறற்றி அப்பாடா என்று நினைத்தாள். அது அவசரப்பட்ட நினைப்பு.

“ஏதோ கோளாறு இருக்கு,” என்றார் கிளறன்ஸ்.

“என்ன கோளாறு? அவர் தானே கைய வச்சுப் பாத்தாரு.”

“என்னோட மதிப்பீடு ரெண்டு அறுபது. காரணமில்லாம ஒருத்தன் எழுபத்தஞ்சாயிரம் கொறைப்பானா?”

“காரணத்தத்தான் சொன்னாரே. பில்லர் ஒருவாட்டி, டைல், ஜன்னல்.”

“அது சரி. அதெல்லாம் சரியாத்தான் இருக்கு.” அவர் முகம் இன்னும் வாடியது. “இத வெட்டினா ஆள் மிஞ்ச மாட்டான் கொறற்றி. வெட்டாம விட்டா நான் மிஞ்ச மாட்டேன்.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். இரண்டாமவரைக் கூப்பிடுவது. இரண்டு எழுபத்தெட்டில் கால்வாசி வெட்டினால் இரண்டு லட்சத்து எண்ணாயிரத்து ஐந்நூறு. அறுபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா லாபம்.

மரியகொறற்றி கணித ஆசிரியை. எட்டாம் வகுப்புக்கு இருபத்தைந்து வருடமாகச் சதவீதம் படிப்பிக்கிறவள். “ரெண்டு எட்டு ஐந்நூறு பெருசா, ஒண்ணு எம்பத்தஞ்சு பெருசா?” என்று கேட்டாள்.

“அது வேற, இது வேற. அதுல நான் மிச்சம் பிடிச்சிருக்கேன். இதுல என்ன மிச்சம்?”

இதற்குப் பதில் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. படத்தைப் பார்த்து விலை சொன்னவன் சுவரின் ஈரத்தையும் படத்திலேயே பார்த்துவிட்டு அடிப்பான், ஆறு மாதத்தில் பெயின்ட் அப்பளமாக எழும்பும், திரும்ப அடிக்கப் பணம் இருக்காது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறையின் மூலைக்குப் போய், கைத்தொலைபேசியில் பழனியாண்டிக்குக் கோல் எடுத்தாள்.

“அண்ணே, நீங்க தந்த வெலையில கால்வாசி கூட்டி, புதுசா ஒண்ணு எழுதிட்டு ஞாயித்துக்கெழமை வாங்க.”

“டீச்சர், கொறைக்கச் சொல்லத்தான் எடுக்குறீங்கன்னு நெனச்சேன்.”

“கொறைக்கிறதுக்குத்தான் கூட்டச் சொல்றேன். சார் கால்வாசி வெட்டுவாரு. வெட்டாம அவருக்கு ஒண்ணும் செமிக்காது. கூட்டி வச்சீங்கன்னா, வெட்டினப்புறம் ஒங்க வெல ஒங்களுக்கு வந்துரும்.”

“எனக்குப் பொய்யா எழுதிப் பழக்கமில்லியே டீச்சர்.”

“இது பொய்யில்லண்ணே. சட்ட தைக்கிறவங்க மடிப்புக்கு துணி விடுறாங்க இல்ல? அந்த மாதிரி.”

அவர் சம்மதித்தார். மணி அடித்தது. மரியகொறற்றி வகுப்புக்குப் போய் அன்று மிக உற்சாகமாகப் படிப்பித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து இருவரும் புது வீட்டுக்கு வந்தபோது பழனியாண்டி வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பொய் சொல்ல வருகிற மனிதன் உடுத்துகிற உடுப்பாகவே அது மரியகொறற்றிக்குத் தோன்றியது. மூவரும் பெயின்ட் வாளிகளில் உட்கார்ந்தார்கள். பழனியாண்டி கடதாசியை நீட்டினார்.

“ரெண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து எரநூத்தம்பது,” என்று வாசித்த கிளறன்ஸ் நிமிர்ந்தார். கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. “போன கெழமை ஒண்ணு எம்பத்தஞ்சு. இந்தக் கெழமை இது. ஏன் கூடினிச்சு?”

இந்தக் கேள்விக்கு மரியகொறற்றி ஆளைத் தயார்செய்திருக்கவில்லை. பழனியாண்டி அவளைப் பார்த்தார். அவள் இருமினாள்.

“மழை சார்,” என்றார் பழனியாண்டி.

“மழைக்கு நாப்பத்தாறாயிரத்து எரநூத்தம்பதா?”

“பெரிய மழைங்க சார்.”

“என்னைய விழுங்கப் பாக்குறீங்க!” என்றார் கிளறன்ஸ், பரம சந்தோஷத்தோடு. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்தது. ஒரே கோடு. கணக்கைப் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்தார். “ஒரு லட்சத்து எழுபத்து மூவாயிரத்து நானூத்தி முப்பத்தேழு ரூபா அம்பது சதம். சதத்த விட்டுருவோம்.”

மரியகொறற்றி கடதாசியை எட்டிப் பார்த்தாள். ஒன்று எண்பத்தைந்து அல்லவா வரவேண்டும்? மனதுக்குள் திரும்பப் போட்டுப் பார்த்தாள். திரும்பவும் ஒன்று எழுபத்து மூன்றே வந்தது. கூட்டிய கால்வாசி சின்னத் தொகையின் கால்வாசி. வெட்டிய கால்வாசி பெரிய தொகையின் கால்வாசி. தவணைக்குத் தவணை வினாத்தாளில் கேட்டு, தவறவிட்ட பிள்ளைகளை எழுப்பி நிற்கவைக்கிற அதே கணக்கு.

பழனியாண்டி கணக்குப் போடவில்லை. அவருக்குத் தெரிந்த தொகை ஒன்றுதான். இது அதைவிடக் குறைவு. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டார்.

“கட்டாது சார்.”

“சரி, எழுபத்தஞ்சா வச்சுக்குங்க.”

“இல்லங்க சார்.”

“எம்பது?”

“சார், நான் மொத நாள் சொன்னது தான் வெல. அதுல ஒரு ரூவா எனக்குக் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நானும் மச்சானும் இருபது நாள் நிக்கணும். அதுக்குக் கீழ எறங்கினா பஸ்சுக்கு வீட்டுலேருந்து காசு கொண்டாரணும். கம்பளைக்காரருக்கு நாளைக்கு வாறேன்னு சொல்லிர்றேன். கோவிச்சுக்காதீங்க.”

அவர் படியிறங்கினார். கிளறன்ஸ் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய அனுபவத்தில் ஒப்பந்தக்காரர்கள் முறைப்பார்கள், கெஞ்சுவார்கள், பிள்ளைகளின் சுகவீனத்தைச் சொல்வார்கள், கடைசியில் கையெழுத்துப் போடுவார்கள். எழுந்து போன ஆளை அவர் கண்டதில்லை. அவர்களுடைய விலைகளுக்கெல்லாம் இறங்குவதற்குப் படிகள் இருந்தன. இந்த மனிதரின் விலை தரையிலேயே நின்றுகொண்டிருந்தது.

“மொத நாள் சொன்னது தான் வெலன்னா,” என்றார் மெதுவாக, “இது என்ன வெல?”

சாவியைக் கொடுக்கவேண்டிய நாள் மரியகொறற்றியின் கண்முன் வந்தது. “நான் தான் கூட்டி எழுதச் சொன்னேன்,” என்றாள். “நீங்க வெட்டுவீங்கன்னு. வெட்டினா அவரோட வெலைக்கு வந்துருமேன்னு.”

கேற்றடியில் பழனியாண்டி செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். வீதியில் தெல்தெனிய பஸ் ஒன்று போயிற்று. கிளறன்ஸ் கோபப்படப் போகிறார் என்று மரியகொறற்றி எதிர்பார்த்தாள். இருபத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவருக்குத் தெரியாமல் அவள் செய்த முதல் சதி இது.

“எவ்வளவு கூட்டச் சொன்ன?”

“கால்வாசி.”

“கால்வாசியா?” அவர் கடதாசியைத் திருப்பி, முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். குரல் உயர்ந்துகொண்டே போனது. “கால்வாசி கூட்டி கால்வாசி வெட்டினா பதினாறுல ஒரு பங்கு கீழ போயிருமே! மூணுல ஒரு பங்கு கூட்டச் சொல்லியிருக்கணும். ரெண்டு லட்சத்து நாப்பத்தாறாயிரத்து அறுநூத்து அறுபத்தேழு. எங்கிட்ட வந்த கொந்தராத்துக்காரங்க, எட்டாம் வகுப்புத் தாண்டாதவனுங்க, ஒருத்தன் இந்தப் பிழைய விட்டதில்ல. நீ எத்தன வருஷமா கணக்குப் படிச்சுக் குடுக்குற?”

அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்தச் சரிக்குள்ளே இன்னொரு விஷயமும் இருந்தது: மூன்றில் ஒரு பங்கு ஏற்றி வருகிறார்கள் என்று இந்த மனிதருக்கு இத்தனை வருடமும் தெரிந்தே இருந்திருக்கிறது. அதைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று நினைத்தாள். ஜனவரி முப்பத்தொன்று தாண்டிக் கேட்கலாம் என்று விட்டுவிட்டாள்.

“பழனியாண்டி, நில்லுங்க!” என்று கிளறன்ஸ் கத்தினார். “வாங்க இங்க.”

பழனியாண்டி ஒரு செருப்போடு திரும்பி வந்தார். கிளறன்ஸ் இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து இருநூற்றைம்பதின் மேல் ஏற்கெனவே இழுத்த கோட்டைப் பார்த்தார். தான் போட்ட தொகையையும் அடித்துவிட்டு, அதன்கீழ் ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம் என்று இலக்கத்திலும் எழுத்திலும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். திகதி போட்டார். மரியகொறற்றியைச் சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார்.

பழனியாண்டி கடதாசியை வாங்கி, மேலேயிருந்த சிவப்புக் கோட்டையும் கீழேயிருந்த தொகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மரியகொறற்றியை ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“சார், நாப்பத்தாறாயிரத்துக்கு மேல வெட்டிட்டீங்களே.”

கிளறன்ஸ் பேனாவை மூடிப் பைக்குள் செருகினார்.

“எந்திரிச்சுப் போனதுனால தப்பிச்சீங்க,” என்றார். “உக்காந்திருந்தா இன்னும் வெட்டியிருப்பேன்.”