சவேரியம்மாவுக்கு ஒரு பூசை

திண்டுக்கல் பக்கத்துப் பேய்களில் முக்கால்வாசிக்குத் தகப்பன் சூசைமாணிக்கம்தான். பகலெல்லாம் லாரி புக்கிங் ஆபீஸில் பில் போடுவார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் தன் ஒற்றை அறைக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நிசிவேந்தன் என்ற பெயரில் பேய்க்கதை எழுத உட்காருவார். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதுதான் நடக்கிறது. பேய் உண்டா என்று யாராவது கேட்டால், "நான் ஒண்ணையும் பாத்ததில்ல அப்பு" என்பதோடு சரி.

மனைவி ஆனந்தமேரி போய் நாலு வருசமாகிறது. அதற்கப்புறம் மனிதருக்கு எல்லாமே அலுப்புதான். குளிக்க அலுப்பு, உலை வைக்க அலுப்பு, தெரிந்த முகத்தைக் கண்டால் சிரிக்கவும் அலுப்பு. அந்த அலுப்பில்தான் தப்பும் நடந்தது.

மாத நாவல்காரர்கள் அவசரமாக ஒரு கதை கேட்டார்கள். கதை மனசில் வந்துவிட்டது. சவேரியம்மா என்றொருத்தி, செத்தபிறகும் வறண்ட கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள், உருளை தானாகக் கிறீச்சிடுகிறது. ஆனால் அவளைக் குடிவைக்க ஒரு வீடு வேண்டுமே. புதிதாக ஒரு வீட்டை யோசித்துக் கட்ட அவருக்குத் தெம்பில்லை. தாடிக்கொம்பு ரோட்டில் தங்கை ஜோஸ்பினுக்கு ஒரு வீடு இருந்தது. ஆனந்தமேரி சாகும்வரை அவரும் அவளும் குடியிருந்த வீடு. நீல கேட்டு, வாசலில் கொய்யாமரம், கொல்லையில் கிணறு என்று அதை அப்படியே தூக்கிக் கதையில் வைத்துவிட்டார். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

அப்போது அந்த வீட்டில் வேறு யாரோ வாடகைக்கு இருந்தார்கள். கதை வெளிவந்து கொஞ்ச நாளில் யூடியூப்காரர்கள் கேமராவோடு வந்து கிணற்றை எட்டிப்பார்த்தார்கள். குடியிருந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்தார்கள். அப்புறம் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டோடு திரும்பினார்கள்.

ஜோஸ்பின் இருப்பது வத்தலக்குண்டில், மகள் ரீனாவோடு. அந்த வாடகை வந்தவரைக்கும் மருமகனிடம் கைநீட்டாமல் ஒரு மாத்திரை வாங்கிக்கொள்வாள். இப்போது அதற்கும் வழியில்லை. "எம்புட்டோ வீடு கெடக்கு ஊருல. என் வீடுதான் கெடைச்சுச்சாண்ணே ஒனக்கு?" என்று போனில் கேட்டாள். அதுதான் கடைசி. அதற்கப்புறம் அவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அவருக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம் அவள்தான். வீட்டில் மறுபடி ஆள் குடியேறினாலொழிய அவள் பேசப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

தெருவில் போய் ஒவ்வொருத்தரிடமும் சொல்லிப் பார்த்தார். "அது கற்பனைங்க. நான் ஒக்காந்து எழுதுனது." யார் கேட்டார்கள்? எதிர்வீட்டு பக்ருன்னிசா மட்டும்தான் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, "பயத்துல மறைக்கிறீங்கண்ணே, தெரியுது" என்று பரிதாபப்பட்டாள்.

சர்ச்சிலிருந்து பங்குச்சாமியாரைக் கூட்டிவந்து வீட்டை மந்திரிக்கச் சொன்னார். அவரும் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து, கிணற்றடிக்கும் போய் ஜெபித்துவிட்டுப் போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. 'ஒண்ணுமே இல்லாமலா சாமியார் கெணத்தடி வரைக்கும் போனாரு?' என்று பேசிக்கொண்டது தெரு.

சூசைமாணிக்கம் சலித்துப்போய் யோசித்தார். பேய் இல்லை என்றால் இந்த சனம் நம்பாது. போய்விட்டது என்றால் நம்பும். சவேரியம்மா பெயருக்கே ஒரு பூசை வைத்துவிட்டால்? பூசைக்கு முன்னால் கோயிலில் பெயரை வாசிப்பார்கள். ஆன்மா இளைப்பாறிவிட்டது என்று ஊரே அறிந்துகொள்ளும்.

பங்கு அலுவலகத்தில் இருந்த பெண் தலைநிமிராமல் கேட்டாள். "யார் பேருக்குங்கய்யா?"

சவேரியம்மா என்று சொல்லத்தான் போயிருந்தார். எத்தனையோ செத்தவர்களுக்குப் பெயர் வைத்த மனிதருக்கு அன்றைக்கு நாக்குப் புரளவில்லை. இல்லாத ஒருத்திக்காகக் கடவுளிடம் போய் எப்படி வேண்டுவது? அந்த வீட்டில் செத்தது ஒரே ஒருத்திதான்.

"ஆனந்தமேரி" என்றார்.

வியாழக்கிழமை காலைப் பூசையில் அது வாசிக்கப்பட்டது. 'ஆனந்தமேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, கணவர் சூசைமாணிக்கம் ஒப்புக்கொடுக்கும் திருப்பலி.' கடைசி பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னாலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் தெரு கணக்குப் போட்டு முடித்திருந்தது. சவேரியம்மாவாவது ஒண்ணாவது, செத்துப்போன பெண்டாட்டியைத்தான் பேர் மாற்றி எழுதியிருக்கிறார் மனிதர்!

சின்னாளபட்டியிலிருந்து ராஜ்கமல், வினிதா என்று ஒரு இளம் தம்பதி வீடு பார்க்க வந்தபோது, பக்ருன்னிசாவே கேட்டைத் திறந்துவிட்டாளாம். "மேரியக்கா தங்கமான மனுசி. யாருக்கும் ஒரு கெடுதல் நெனச்சதில்ல. இப்பப் பூசையும் வச்சாச்சு, போய்ச் சேந்துருச்சு. நீங்க தைரியமா வாங்க." முகம் தெரியாதவளுக்குத்தான் பயம். தெருவில் கறிவேப்பிலை கொடுத்து வாங்கியவளுக்கு யார் பயப்படுவார்கள்? அடுத்த வாரமே பால் காய்ச்சிக் குடியேறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜோஸ்பின் வந்தாள், தூக்குவாளியில் கோழிக்குழம்போடு. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி உட்கார்ந்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் எழுந்துபோய்த் தட்டு எடுக்க அலுப்பாக இருந்தது. அவளே எடுத்துவந்து சோறு போட்டாள். இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏண்ணே, மதினி நெசமாவே அங்க வந்துச்சா?"

"இல்லத்தா. ஒருநாளும் வரல. கதை எழுதுறப்பக்கூட ஒரு காதை கதவுப்பக்கமே வச்சுட்டு இருந்தேன்."

ஜோஸ்பினுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அப்ப முதல் வருசத்துலயே ஒரு பூசை வச்சிருக்கலாம்ல? கல்லறைத் திருநாளுக்குக்கூட நீ வரல. ஊரே கேட்டுச்சு. கல்நெஞ்சன்னு நானே திட்டுனேன்."

அவர் குழம்பைச் சோற்றில் பிசைந்தார். வெளியே கொடைக்கானல் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இளைப்பாறப் போயிட்டா அப்புறம் வரமாட்டாளேத்தா" என்றார். "அதான் வைக்காம இருந்தேன். இப்ப வச்சுட்டேன்."