ஐந்து மாரியம்மாக்களும் என் ஜீப் ஆப்பும்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் நான். ஆனாலும் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புக்கு சீட் பதியும் ஆப்பை, ஏஐயிடம் வாயால் சொல்லியே செய்து, காபி ஆறுவதற்குள் கிளவுடில் ஏற்றிவிட்டேன். பெங்களூரு இன்ஜினியர்கள் மன்னிக்கவும்.

"ஒரு பேருக்கு ஒரு சீட்டுத்தான்" என்று ஏஐயிடம் கறாராகச் சொல்லியிருந்தேன். டேட்டாபேஸும் சொன்ன பேச்சைக் கேட்டது.

இன்று காலை போடியில் ஜீப் கிளம்பும் நேரம், சீட் பதிந்திருந்த ஐந்து மாரியம்மாக்கள் வந்து நின்றார்கள். ஆப்பில் ஒருத்திதான் இருந்தாள்.

"அப்ப மிச்ச நாலு பேரும் யாருண்ணே?" என்றாள் தேவாரம் ஊர்க்கார மாரியம்மா. "லேட்டாப் போனா இன்னைக்குச் சோலி இல்லைன்னு தெரத்தி விட்ருவாக."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, ஆத்தா" என்றேன்.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, நீங்க எறங்குங்க. ஆத்தா, எல்லாரும் வெரசா ஏறி நெருக்கி உக்காருங்க."

ஆப்பின் முதலாளி என்பதால் முன்சீட்டை எனக்கே பதிந்து வைத்திருந்தேன். பெருந்தன்மையோடு இறங்கிக்கொண்டேன்.

ஜீப் போய்விட்டது. ஆப்பில் பார்த்தால், நான் இன்னமும் முன்சீட்டில் உட்கார்ந்து போடிமெட்டு மலை ஏறிக்கொண்டிருக்கிறேன்.

மேலே எனக்குக் குளிருகிறதா என்று அங்கிருப்பவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.