அக்கா சுரண்டிய ஊதா

என் அக்காவுக்குப் பல்லில் படியும் காரையைக் கண்டால் ஆகாது. பல் சுத்தம் செய்வதுதான் அவள் தொழில். விருந்துக்குப் போனாலும் எதிரே இருப்பவர்களின் கண்ணைப் பார்க்க மாட்டாள், பல்லைத்தான் பார்ப்பாள். "அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுது, கீழ்வரிசைதான் சரியில்ல" என்பாள் வரும் வழியில். கட்டிக்கொண்டதும் ஒரு பல் டாக்டரை. அத்தான் பிடுங்குவார், அக்கா சுரண்டுவாள், நான் வாசலில் உட்கார்ந்து ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புவேன். கிளினிக் அப்படித்தான் ஓடியது.

ஓடிக்கொண்டிருந்த இடத்தில் அத்தான் ஒரு உப்புநீர் மீன்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல மூலை போயிற்று. அந்த மூலையில் தனக்கென்று ஒரு சிகிச்சை நாற்காலி போட வேண்டும் என்பது அக்காவின் நெடுநாள் ஆசை. அத்தானின் நாற்காலி எப்போது காலியாகும் என்று காத்துக் காத்து அவளுக்கு அலுத்துவிட்டது.

மீன் என்றாலும் பரவாயில்லை. அத்தானுக்கு வேண்டியது பாசி! வழுக்குமே, அந்தப் பச்சைப் பாசி இல்லை. கல்லின்மேல் ஊதாவாகப் படர்ந்து, கல்லைப் போலவே இறுகிப்போகும் கடல் பாசி. அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம். நாள் தவறாமல் தொட்டியில் கால்சியம் சொட்டுவார், தண்ணீரைச் சிறு குழாயில் எடுத்துச் சோதித்துப் பார்ப்பார்.

"ஊரார் வாயில இருக்கிற காரையெல்லாம் நான் எடுக்கிறேன். நீங்க மருந்து ஊத்திக் காரை வளர்க்கிறீங்களா?" என்றாள் அக்கா.

"கல்லு பூரா ஊதாவாகட்டும், அப்பறம் பேசு."

"ஆகலைன்னா?"

பேச்சு பந்தயத்தில் போய் முடிந்தது. கிளினிக் சுவருக்கு அடுத்த முறை வர்ணம் அடிப்பதற்குள் கல் ஊதாவானால் மூலை தொட்டிக்கு, ஆகாவிட்டால் அக்காவின் நாற்காலிக்கு. தீர்ப்புச் சொல்ல, தொட்டியை விற்ற மீன்கடைக்காரர்.

சில வாரத்தில் கண்ணாடியில் பொட்டு அளவுக்கு ஊதா தெரிந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரையும் இழுத்துப்போய்க் காட்டினார், பாவம் அந்த மனிதர். மதியம் அத்தான் சாப்பிடப் போனதும் அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு பல் சுரண்டும் கொக்கியை எடுத்தாள். (அதைத் தனியாகத்தான் வைத்திருந்தாள், எங்களிடம் வருகிறவர்கள் பயப்பட வேண்டாம்.) என்னைக் கதவுக்குக் காவல் போட்டாள். பொட்டு போயிற்று. தூள் தண்ணீரில் கலந்தது, பம்பு அதைத் தொட்டி முழுக்கச் சுழற்றியது.

மறுபடி இரண்டு பொட்டு வந்தது. அக்கா விடுவாளா? மதியந்தோறும் சுரண்டினாள். சுரண்டச் சுரண்ட அது இன்னும் பரவியது. கல்லில், இடுக்கில், பம்பின் முதுகில், கொக்கி எட்டாத இடமெல்லாம்.

"என்னடி சனியன், கையெல்லாம் வலிக்குது" என்றாள் என்னிடம், என்னவோ நான் வளர்த்த மாதிரி.

வர்ணம் அடிப்பவர்கள் ஏணியோடு வந்த அன்று மீன்கடைக்காரரும் வந்தார். கல் அத்தனையும் ஊதா. அவர் மூக்கு கண்ணாடியில் படக் குனிந்து பார்த்தார்.

"டாக்டர், வெறும் கால்சியத்துக்கு இவ்ளோ சீக்கிரம் வராது. யாரோ விடாம சுரண்டிவிட்டிருக்காங்க. அந்தத் தூள் ஒட்டின இடமெல்லாம்தான் புதுசா வளர்ந்திருக்கு. இங்க பாருங்க, கீறல்."

கொக்கியின் தடம் அத்தானுக்குத் தெரியாதா? அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்காகவா?" என்றார். "நீ தோத்துப்போவேன்னு தெரிஞ்சுமா?"

அக்கா வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"பின்ன," என்றாள் மெதுவாக, "விட்டுட முடியுமா?"

"மூலை உனக்குத்தான். நாற்காலியப் போட்டுக்கோ" என்றார் அத்தான்.

அக்காவின் முகம் மலர்ந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அத்தான் இன்னும் முடிக்கவில்லை.

"தொட்டிய வீட்டுக்குக் கொண்டு போயிடலாம். நம்ம கட்டில் பக்கத்துலயே வச்சிடுவோம். நீ இல்லாம இது வளராதே."

இப்போது அக்காவுக்குச் சொந்த நாற்காலி இருக்கிறது. பகலெல்லாம் அங்கே சுரண்டுகிறாள். வீட்டுக்குப் போனதும் அத்தான் ஆசையாசையாகக் கொக்கியை நீட்டுகிறார். வாங்கிக்கொண்டு சுரண்டுகிறாள்.