ஐம்பதாவது நட்சத்திரம்

அமெரிக்கக் கொடியில் எத்தனை நட்சத்திரம் என்ற கேள்விக்கு நாற்பத்தெட்டு என்று எழுதினேன். எங்கள் பள்ளிக்கூடத்து அலமாரிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நண்பன் ஐம்பது என்று எழுதினான். புதிதாக இரண்டு மாநிலம் சேர்ந்த செய்தி அவனுக்குக் கிடைத்த இடம் எங்கள் கடைதான்.

ஹட்டன் பஜாரில் அப்பாவுக்கு மளிகைக் கடை. மிளகாயும் சீனியும் மடிப்பதற்குப் பழைய பேப்பர் கட்டுக்கட்டாக வரும். அந்தக் கட்டின் மேல் உட்கார்ந்து நான் பட்டாணி தின்பேன். நண்பன் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரயிலில் வருகிறவன். அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பா தொழிற்சாலையில் வேலை. சாயங்கால ரயில் வரும்வரை எங்கள் கடையில் நின்று, "கொஞ்சம் எந்திரிடா" என்று என்னைத் தள்ளிவிட்டு அந்தப் பேப்பரைப் படிப்பான். உலக ஞானம் முழுக்க எனக்கு அடியில்தான் இருந்தது. மேலே ஏறத்தான் வழி தெரியவில்லை.

அந்தப் பரீட்சையை வைத்தது கொழும்பில் இருந்த ஓர் அமெரிக்கச் சங்கம். அமெரிக்க அரசாங்கம், தேர்தல், நடப்புச் செய்திகள் எல்லாவற்றிலும் கேள்வி. முதலாவதாக வருகிறவனை நேரில் ஒருதரம் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் அமெரிக்காவில் படிக்க அனுப்புவார்கள். நண்பன் முதலாவது. நான், என்ன அதிசயமோ, இரண்டாவது.

ஹெட்மாஸ்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவனிடம் கேட்டார்: "பாஸ்போர்ட் எடுக்கணும். ஒங்க வீட்டுல பிரஜாவுரிமை கெடச்சிருச்சா?"

"மனுவத் தள்ளிட்டாங்க சார்."

"நீ பொறந்தது?"

"இங்கதான் சார். அப்பாவும் இங்கதான்."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்கப்பா எடுத்துட்டாருல்ல?" என்றார்.

இந்தியாவிலிருந்து வந்த பரம்பரை என்றால், இலங்கையிலேயே பிறந்தாலும் மனுப் போட்டுத்தான் பிரஜாவுரிமை வாங்க வேண்டும். அப்பா எடுத்திருந்தார். கடை இருந்தது, கேட்ட பத்திரங்களைக் காட்ட முடிந்தது, மனு எழுதக் கண்டியில் ஒரு பிரக்டர் வக்கீல் இருந்தார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், இரண்டாவது ஆள் முதலாவது ஆகிவிட்டேன். அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார். "அந்தத் தம்பிக்கும் ஒண்ணு குடு" என்று அவனுக்கும் கொடுக்கச் சொன்னார். அவன் தின்றான். நான்தான் என் லட்டைப் பேப்பரில் மடித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் அவனிடம், "நான் போகல. நேர்ல பாக்கறப்போ தப்புத்தப்பா சொல்லிடறேன்" என்றேன்.

"அதுக்கு நீ தனியா மெனக்கெடணுமாக்கும்?" என்றான். "நீ கோட்டை விட்டா எனக்கா வரும்? மூணாவது ஆளுக்குப் போயிரும். நம்ம ஸ்கூலுக்கு வந்தத வெளியில விடாத. ஒக்காரு, நான் கேக்கறேன்."

அன்றிலிருந்து கடையில் அவன்தான் வாத்தியார். "உப ஜனாதிபதிக்கு என்னடா வேல?" நான் முழிப்பேன். "எங்க தோட்டத்துச் சின்னத்தொரைய நெனச்சுக்க. பெரியதொரைக்கு ஒண்ணு ஆனாத்தான் இவருக்கு மவுசு. ஆனா ஒண்ணு, பெரியதொரைக்கு நாம ஓட்டுப் போடல. அதையும் இதையும் கொழப்பிக்காத."

ஒருநாள் கேட்டான்: "அமெரிக்காவுல பொறக்கற புள்ள எந்த நாட்டுப் பிரஜை?"

"அமெரிக்கா."

"அப்பன் கூலி வேல செஞ்சா?"

"அப்பவும்."

"அப்பன் வேற நாட்டுலேருந்து வந்தவனா இருந்தா?"

"அப்பவும்தான்டா."

"சரி" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

சங்கத்திலிருந்து ஓர் அமெரிக்கரும் இரண்டு கொழும்புப் பெரியவர்களும் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். அவன் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வரிசையாக வந்தது. நான் ஒப்பித்தேன். ஆனாலும் அவர்கள் முகத்தில் சுவாரசியம் இல்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது கொட்டாவி விட்டால் அவரைச் சிரிக்க வைக்காமல் இருக்க முடியாது. அப்போது பார்த்து அமெரிக்கர் அந்தக் கேள்வியைக் கேட்டார், பிரஜாவுரிமை எப்படி வரும் என்று.

"அங்கே பிறந்தால் போதும் ஐயா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கள் தோட்டத்து ஆட்களும் மூன்று தலைமுறையாக இங்கே பிறந்து பார்க்கிறார்கள். இன்னும் சரியாகப் பிறக்கத் தெரியவில்லை."

மூன்று பேரும் சிரித்தார்கள். கொட்டாவி விட்டவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அமெரிக்கர் எழுந்து கை கொடுத்தார். பையன் கெட்டிக்காரன் என்று ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்.

வெளியே வந்தேன். வராந்தாவில், திறந்திருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், நான் எதையாவது மறந்தால் சைகை காட்டுவதற்காக நண்பன் நின்றிருந்தான்.

ஸ்டேஷன்வரை நடந்தோம். தூறல். ரயில் வந்தது. ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நல்லா பதில் சொன்னடா" என்றான். "எல்லாமே நல்லா சொன்ன."

"டேய், நான் சும்மா சிரிக்கறதுக்கு..."

"தெரியும். சிரிப்பாத்தான் இருந்துச்சு." ரயில் நகர்ந்தது. "வீட்டுல கேப்பாங்க. அது ஒண்ண மட்டும் எங்கப்பாகிட்ட சொல்ல மாட்டேன்."

அமெரிக்காவுக்குப் போன முதல் மாதத்திலேயே வகுப்பில் ஒரு பரீட்சை. அவர்கள் நாட்டு அரசாங்கத்தைப் பற்றித்தான். பக்கத்து மேசைப் பையன் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கேள்வியும் நண்பன் குரலில் கேட்டது, சின்னத்தொரை உட்பட. பிரஜாவுரிமைக் கேள்வியும் இருந்தது. பிறந்தால் போதும் என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

வாத்தியார் விடைத்தாளை உயர்த்திக் காட்டினார். "எங்கிருந்தோ வந்த பையனுக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லையே" என்று வகுப்பைத் திட்டினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன் என்று. அதற்குள் அங்கேயும் பேர் வாங்கியிருந்தேன்.

சுவரில் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நட்சத்திரம் ஐம்பதுதான். எண்ணிப் பார்த்தேன்.